பெனோவுக்காக உட்கார்ந்தவர்கள்

பாளையங்கோட்டை
14 ஜூன் 2025

திருமதி பிருந்தா அவர்களுக்கு,

விக்டோரியா எழுதுகிறேன். கல்லூரி விடுதியில் உங்களோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்த உவரி விக்டோரியாதான். போனில் பேசலாமே என்று உங்கள் தம்பி கணேஷ்ராம் சொன்னார். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும், இல்லாவிட்டால் கோபம் வரும். இரண்டும் வேண்டாம் என்றுதான் பேப்பரை எடுத்தேன்.

முதலில் நன்றி. மே 29ஆம் தேதி அமெரிக்காவில் உங்கள் ஊர்ப் போலீஸ் என் மகன் பெனோவைப் பிடித்தபோது அந்த நாட்டில் எனக்கு ஒரு ஈ காக்கா தெரியாது. லேப் வேலை முடித்துவிட்டு அறைக்கு நடந்து போன பிள்ளை. எங்கேயோ கடையில் திருடிவிட்டு ஓடிய ஒரு கறுப்புப் பையன் என்று நினைத்து நிறுத்தினார்களாம். அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டிருக்கிறான். அதற்குள் தரையில் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றிவிட்டார்கள். ஆள் இவன் இல்லை என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் போலீஸை எதிர்த்தான் என்று கேஸ். தண்டனை விழுந்தால் விசா போகும், படிப்பு போகும். அவன் அப்பா இறந்த பிறகு நான் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்து ஆளாக்கிய பிள்ளை அவன்.

வெட்கத்தைப் பார்க்காமல் உங்கள் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆபத்துக்குப் பாவம் இல்லை. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் அன்றைக்கே போய் அவனை வெளியே எடுத்து, உங்கள் வீட்டு மாடியறையில் தங்கவைத்து, வக்கீலும் பார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் நல்லா இருக்க வேண்டும்.

ஜூன் 10 வாய்தாவுக்குப் பதினாறு பேர் கோர்ட்டில் வந்து உட்கார்ந்தார்களாமே, யார் அவர்கள்? "ஒருத்தரும் வாயத் தொறக்கலம்மா. ஆளுக்கொரு நோட்டப் பிடிச்சிக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தாங்க. ஜட்ஜ் ரெண்டு மட்டம் நிமிந்து பாத்தாரு" என்கிறான் பெனோ. யூதர்கள் என்றும் சொன்னான். யூதர்களை எனக்குக் கோயிலில் பைபிள் வாசகத்தில் கேட்டுத்தான் பழக்கம். உயிரோடு ஒரு யூதரை நான் பார்த்ததில்லை. அவர்கள் எதற்காக என் பிள்ளைக்கு வர வேண்டும்?

நன்றி வேறு, மற்றது வேறு. அதையும் சொல்லிவிடுகிறேன். 1993இல் டவுனில் உங்கள் அக்கா கல்யாணம். என் இலையில் சோறு விழுந்த பிறகு உங்கள் பெரியப்பா நமச்சிவாயம் பிள்ளை வந்து, "எந்திரிம்மா, இது வீட்டு ஆளுக பந்தி. நீ பொறவு உக்காரலாம்" என்றார். நீ பக்கத்து இலையில் இருந்தாய். தலையை நிமிர்த்தவில்லை. உப்பைத் தொட்டுத் தொட்டு வைத்தாயே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பஸ் ஏறி விடுதிக்கு வந்து பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

அதை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

விக்டோரியா


ஒஹாயோ
27 ஜூன் 2025

அன்புள்ள விக்டோரியாவுக்கு,

உன் கடிதத்தைக் காரிலேயே பிரித்துப் படித்தேன். வீட்டுக்குள் கொண்டுபோக தைரியம் வரவில்லை. நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதற்குப் பதில் எழுத மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என்னைப் பற்றிப் பிறகு.

என் கணவர் ஆரன் யூதர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் மதம் மாறவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரோடு தொழுகைக்கூடத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் இருக்கிற திருநெல்வேலிக்காரி, அவ்வளவுதான். அங்கே எல்லாரையும் வழிநடத்துகிற ரபி ஒரு பெண். ஹன்னா என்று பெயர்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ எங்கள் தொழுகைக்கூடத்துச் சுவரில் யூதர்கள் சாக வேண்டும் என்று பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார்கள். விடிந்து நாங்கள் போய்ப் பார்க்கும்போது அடுத்த தெருக் கறுப்பு மக்களின் சர்ச்சிலிருந்து வாளியும் பிரஷுமாக வந்து பாதிச் சுவரைக் கழுவி முடித்திருந்தார்கள். அதே வருஷம் அந்தச் சர்ச்சுப் பையன் ஒருவனைப் போலீஸ் பிடித்தது. எங்கள் ஆட்கள் உடனே பெரிய அறிக்கை ஒன்றைத் தயார் பண்ணி, பேச நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பையனின் அத்தை மிஸ் டோரத்தி வாசலிலேயே மறித்து, "உங்கள் பேச்சு யாருக்கு வேண்டும்? அவன் நிற்கும்போது பின்னால் பெஞ்சு காலியாக இருக்கிறது. அதில் வந்து உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டாராம்.

அன்று தொடங்கியதுதான். நிறத்தைப் பார்த்துப் பிடித்த கேஸ் என்று தெரிந்தால் போதும், எல்லா வாய்தாவுக்கும் போய் உட்காருவோம். பேசமாட்டோம், கேட்பதை எழுதிக்கொள்வோம். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் கோர்ட்டில் எல்லாரும் கொஞ்சம் நேராக உட்காருகிறார்கள். எந்தக் கேஸ், எந்தத் தேதி, யார் யார் போகிறார்கள் என்று பட்டியல் வைத்திருப்பது என் பொறுப்பு.

பெனோ நல்ல பிள்ளை. சாப்பிட்ட தட்டை என்னைக் கழுவவிடுவதில்லை. ஆனால் ராத்திரி விளக்கை அணைக்காமல் படுக்கிறான்.

பிருந்தா


பாளையங்கோட்டை
9 ஜூலை 2025

பிருந்தாவுக்கு,

விளக்கை அணைக்காமல் படுக்கிறான் என்று எழுதியிருந்தாய். என்னிடம் போனில், "எல்லாம் சூப்பரா இருக்கும்மா" என்கிறான். தாய்க்குத் தெரியாதாக்கும்! அவன் சூப்பர் என்று சொன்னாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பத்தாம் வகுப்பில் கை ஒடிந்தபோதும் சூப்பர் என்றுதான் சொன்னான். இனிமேல் உள்ளதை நீ எழுது.

அந்த மிஸ் டோரத்தியை எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் ஊர்ப் பொம்பிளை மாதிரி இருக்கிறாள்.

பதினாறு பேருக்கும் நான் என்ன செய்ய முடியும்? கைம்மாறு செய்ய நினைத்தால் நடுவில் ஒரு கடலல்லவா கிடக்கிறது. ஆனால் சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. உவரியிலிருந்து தம்பி நல்ல இறால் கொண்டுவந்தான். இரண்டு நாள் லீவு போட்டுக் குசினியில் நின்று இறால் ஊறுகாய் போட்டேன். எண்ணெய் மேலே மிதக்க ஆறு பாட்டில். கூடவே மாசிக்கருவாடு ஒரு கட்டு. உன் அட்ரஸுக்கு அனுப்பினால் சைவப் பிள்ளை வீட்டில் கருவாடா என்று நீ மூக்கைப் பொத்துவாய். அதனால் பெனோவிடம் கேட்டு நேராகத் தொழுகைக்கூடத்துக்கே, ரபி ஹன்னா பெயருக்கு அனுப்பிவிட்டேன். பிள்ளையைப் பெற்றவள் கையால் செய்தது என்று சொல்லிக் கொடு.

உன்னைப் பற்றிப் பிறகு என்றாயே, பிறகு எப்போது? அன்றைக்குப் பந்தியில் நீ ஏன் வாயைத் திறக்கவில்லை?

விக்டோரியா


ஒஹாயோ
30 ஜூலை 2025

விக்டோரியா,

முதலில் சிரித்துக்கொள்கிறேன், கோபப்படாதே.

ரபி ஹன்னா போன் பண்ணி, "ஒரு பார்சல் வந்திருக்கிறது, மேலே உங்கள் தமிழ் எழுத்து, திறந்ததும் என் அறை முழுக்கக் கடல்" என்றார். ஓடினேன். மேஜைமேல் ஆறு பாட்டில். யூதர்கள் இறாலைத் தொட மாட்டார்கள், விக்டோரியா! செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டும்தான் அவர்களுக்கு ஆகும். இறால், நண்டு எல்லாம் விலக்கு. பெனோவுக்கும் அது தெரியவில்லை. தொழுகைக்கூடத்துக்குள்ளேயே ஆறு பாட்டில் இறாலைக் கொண்டுவந்து வைத்த முதல் ஆள், இந்த ஊர் வரலாற்றிலேயே நீதான்.

உன் வார்த்தையை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பிள்ளையைப் பெற்றவள் கையால் செய்தது. ஹன்னா சிரிப்பதை நிறுத்திவிட்டு ஒரு பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஆறையும் நாங்கள் மிஸ் டோரத்தியின் சர்ச்சுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மூன்று பாட்டில் காலி. மாசி சூரை மீன்தானே, அது ஆகும். ஆரன் அதைத் தேங்காயோடு இடித்துப் பொடி பண்ணி வைத்திருக்கிறார். பெனோ சொல்லிக் கொடுத்தானாம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி உன் கேள்வி.

அக்கா கல்யாணம் கலைந்துவிடுமோ என்று பயந்தேன், அதனால்தான் பேசவில்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். தாலி கட்டி முடிந்துதானே பந்தி! எது கலைந்திருக்கும்? நான் எழுந்திருந்தால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் பயம். அடுத்து பாயசம் வந்தது, குடித்தேன். நீ போன பிறகு உன் இலையை மடித்து எடுத்துவிட்டு வேறொருவரை உட்காரவைத்தார்கள். அந்த அம்மாவுக்கு நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். இதுதான் நடந்தது.

இங்கே வந்து முன்பின் தெரியாதவர்களுக்காகக் கோர்ட்டில் போய் உட்காருகிறேன். "எவ்வளவு நல்ல மனசு உனக்கு" என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பு கூசுகிறது.

கேஸ் விஷயம். முக்கிய விசாரணை அக்டோபர் 2. அன்று போலீஸ்காரர் சாட்சி சொல்கிறார். அவனைப் பிடித்த இடத்தில் இருந்த சலவைக் கடைக் கேமராவில் பதிந்திருக்கிற படத்தையும் போடுவார்கள். பின்னால் பெஞ்சு நிறைந்திருக்க வேண்டிய நாள் அதுதான் என்று வக்கீல் சொன்னார். நான் காலண்டரைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டேன்.

பிருந்தா


பாளையங்கோட்டை
20 ஆகஸ்ட் 2025

ஏட்டி பிருந்தா,

இறால் விஷயத்தை வார்டில் சொன்னேன். நர்ஸ் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "சிஸ்டர், நன்றி சொல்லப் போயி ஊரையே நாறடிச்சிட்டு வந்திருக்கிய" என்கிறாள் ஜாய்சி. எனக்கு மானமே போயிற்று. ஆனால் அந்த அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

பாயசம் குடித்தேன் என்று எழுதினாய் பார், அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கோபமா, என்னவென்று தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். ஒரு சாக்குச் சொல்லியிருந்தால் உன்னை அதோடு விட்டிருப்பேன். நீ சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னதற்கு ஒரு நன்றி.

அக்டோபர் 2 என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காந்தி ஜெயந்திக்குக் கோர்ட் ஏது? பெனோவிடம் கேட்டேன். "அம்மா, இங்க காந்திக்கு யாரு லீவு விடுதா?" என்று சிரித்தான். மூன்று மாசத்தில் அவன் சிரித்தது அன்றைக்குத்தான். அப்புறம், "கேஸ் தோத்துட்டா நான் ஊருக்கு வந்துருதேன். நீ ஆருகிட்டயும் எதுவும் சொல்லாத" என்றான். நீ திருடிவிட்டாயா, கொலை பண்ணிவிட்டாயா, எதற்குலே ஒளிய வேண்டும் என்று கத்திவிட்டேன். போனை வைத்துவிட்டு நானும் அழுதேன்.

அன்றைக்கு அந்தப் பதினாறு பேரையும் விடாமல் கூட்டிக்கொண்டு போ. அவன் திரும்பிப் பார்க்கும்போது ஆள் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நான் கேட்பது.

விக்டோரியா


ஒஹாயோ
8 செப்டம்பர் 2025

விக்டோரியா,

நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். உனக்கு முதலில் எழுதிவிட்டுத்தான் தொழுகைக்கூடத்தில் சொல்லப் போகிறேன்.

யூதர்களுக்கு யோம் கிப்பூர் என்று ஒரு நோன்பு நாள் உண்டு. வருஷத்திலேயே பெரிய நாள். தண்ணீர்கூடக் குடிக்காமல், வண்டி ஏறாமல், பேனா பிடிக்காமல், முழு நாளும் தொழுகைக்கூடத்தில் நின்று செய்த தப்புகளைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். தீபாவளி மாதிரி வருஷா வருஷம் தேதி மாறும். வக்கீல் போனில் கேட்டபோது நான் சமையலறைக் காலண்டரைப் பார்த்தேன். அக்டோபர் 1 கட்டத்தில் எழுதியிருந்தது. அப்படியானால் 2ஆம் தேதி காலிதானே என்று சரி சொல்லிவிட்டேன்.

இவர்களுக்கு நாள் தொடங்குவது பொழுது சாயும்போது. 1ஆம் தேதி சாயங்காலம் தொடங்கி 2ஆம் தேதி சாயங்காலம் முடிகிறது. இருபத்திரண்டு வருஷம் ஆரனோடு குடும்பம் நடத்தியும் என் புத்திக்கு நாள் காலையில்தான் விடிகிறது. இவர்களில் ஒருவர் பட்டியல் வைத்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. நேற்று ஆரன் தற்செயலாகப் பட்டியலைப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

வக்கீலிடம் கேட்டேன். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று, இனி தள்ளினால் ஜனவரிதான் என்கிறார். அதுவரை பல்கலைக்கழகம் பெனோவை வகுப்பில் விடாது. பெனோவிடம் கேட்டேன். "ஆன்ட்டி, என்னால இனிமே காத்திருக்க முடியாது. காலி பெஞ்சா இருந்தாலும் பரவால்ல" என்றான். நீ கேட்ட ஒன்றே ஒன்றைத்தான் நான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஒரு மனிதருக்குச் செய்த தப்பைக் கடவுளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் பயன் இல்லை, நோன்புக்கு முன்னால் அந்த ஆளிடமே நேரில் போய்க் கேட்க வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். இந்த மாசம் முழுக்க ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் கேட்பார்கள். என்னால் உன் வீட்டுக்கு வர முடியவில்லை. இந்தக் காகிதத்தில் கேட்கிறேன். அன்றைக்குப் பந்தியில் உன்னை எழுப்பியபோது நான் எழாமல் இருந்ததற்கு என்னை மன்னித்துக்கொள். இந்தத் தேதிக்கும் சேர்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிருந்தா


பாளையங்கோட்டை
18 செப்டம்பர் 2025

பிருந்தா,

கோட்டிக்காரி! காலண்டர் பார்க்கத் தெரியாத உன்னை நம்பி ஒரு தேதிப் பட்டியலையே கொடுத்திருக்கிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கழித்தும் என்னை நடு இலையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன்.

மன்னிப்பைப் பற்றி இப்போது கேட்காதே. வாய்தா முடியட்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். அந்த ஆட்களை நோன்பை விட்டுவிட்டு வரச் சொல்லி நீ கேட்கக் கூடாது. பெரிய வெள்ளிக்கிழமை அன்றைக்குச் சிலுவைப்பாதையைப் பாதியில் விட்டுவிட்டு வா என்று என்னைக் கூப்பிட்டால் எனக்கு எப்படி இருக்கும்? என் பிள்ளைக்காக யாரும் கடவுளிடம் பாக்கி வைக்க வேண்டாம். இதுவரை வந்து உட்கார்ந்ததே பெரிசு. பெனோவிடம் நான் பேசிவிட்டேன். "தனியா நில்லுலே. தொம்மை பேரன் நீ. உங்க தாத்தா ஒத்த ஆளா கடல்ல வள்ளம் தள்ளுனவரு" என்று சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ஜெபமாலையை நான் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

விக்டோரியா


ஒஹாயோ
4 அக்டோபர் 2025

விக்டோரியா,

பெனோ அன்றைக்கே உனக்குப் போன் பண்ணிவிட்டான். கேஸ் தள்ளுபடி. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் அவன் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் என்ன நடந்தது என்று நான்தான் உனக்கு எழுத வேண்டும்.

உன் கடிதத்தை ரபி ஹன்னாவிடம் வாசித்துக் காட்டினேன். கடவுளிடம் பாக்கி என்ற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் நான் எழுந்து என் தப்பைச் சொன்னேன். எண்பத்தொரு வயசுக்காரர் ஒருவர் இருக்கிறார், சால் என்று பெயர். ஒன்பது வருஷமாக ஒரு வாய்தாவைக்கூட விடாதவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே ஒரு நாள்! முந்நூற்று அறுபத்தைந்தில் இந்த ஒரு நாள்தானா உனக்குக் கிடைத்தது?" என்று கத்தினார். நான் தலையைக் குனிந்தேன். குனிந்த மறு நிமிஷம் நிமிர்ந்தேன். குனிந்து உட்கார்ந்து நான் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

விஷயம் எப்படியோ மிஸ் டோரத்தி காதுக்குப் போயிற்று. அவர் தொழுகைக்கூடத்து வாசலில் வந்து நின்று சொன்னது இது. "ஒன்பது வருஷம் எங்கள் பிள்ளைகளுக்காக நீங்கள் உட்கார்ந்தீர்கள். அன்றைக்கு உங்கள் கடவுளோடு இருங்கள். பெஞ்சை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்தப் பையனின் அம்மா அனுப்பிய மூன்று பாட்டில் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது."

அக்டோபர் 2 காலையில் தொழுகை தொடங்கியதும் ஹன்னா என்னைப் பார்த்து வாசலைக் காட்டினார். போ என்று அர்த்தம். கோர்ட் மூன்று மைல். நான் வண்டி ஏறலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஏற மனசு வரவில்லை. நானும் அன்றைய வழக்கப்படி வெள்ளைச் சேலை கட்டித் தண்ணீர் குடிக்காமல்தான் இருந்தேன். தெருமுனை திரும்பும்போது பின்னால் செருப்புச் சத்தம். அன்றைக்குத் தோல் செருப்பு ஆகாது, எல்லாரும் கேன்வாஸ்தான். ஆறு பேர் வெள்ளை உடுப்பில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சால். "நான் கோபமாகத்தான் இருக்கிறேன். நட" என்றார். இரண்டு இடத்தில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிடிக்க வந்தவர்களைத் தட்டிவிட்டார்.

கோர்ட்டுக்குள் போனால், விக்டோரியா, எங்களுக்கு உட்கார இடம் இல்லை. மிஸ் டோரத்தியின் சர்ச்சிலிருந்து நாற்பது பேர். பெண்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை போடுகிற பெரிய தொப்பியோடு. எங்களைப் பார்த்ததும் ஒரு வரிசையே எழுந்து இடம் கொடுத்தது. எங்கள் கையில் நோட்டு இல்லை, அன்றைக்கு எழுதக் கூடாதே. மிஸ் டோரத்தி எங்கள் ஏழு பேருக்கும் சேர்த்து அவரே எழுதினார். ஜட்ஜ் உள்ளே வந்து தொப்பிகளைப் பார்த்தார், வெள்ளை வரிசையைப் பார்த்தார், சால் காலில் கேன்வாஸைப் பார்த்தார். அவருக்கும் அது என்ன நாள் என்று தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பெனோ திரும்பிப் பார்த்தான். நீ கேட்டது அதுதானே? அவன் பார்க்கும்போது ஆள் இருந்தது. விறைத்துக்கொண்டிருந்த அவன் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

படம் ஓடியது பதினோரு நிமிஷம். பிள்ளை இரண்டு கையையும் தூக்குகிறான். அட்டையைக் காட்டு என்கிறார்கள், ஒரு கையை இறக்குகிறான், உடனே தரையில் கிடக்கிறான். எதிர்த்த இடம் எது, காட்டுங்கள் என்று ஜட்ஜ் இரண்டு தடவை கேட்டார். பிறகு தள்ளுபடி என்று எழுதினார்.

சாயங்காலம் நோன்பு முடிந்தபோது பெனோவும் எங்களோடு இருந்தான். சாலுக்கு முதல் டம்ளர் தண்ணீரை அவன்தான் கொடுத்தான். நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினான்.

உனக்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். கோபத்தோடாவது என் பெயரைத் தேடி வந்தாயே.

பிருந்தா


பாளையங்கோட்டை
29 அக்டோபர் 2025

என் பிருந்தா,

உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கொண்டுபோய்க் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். சால், மிஸ் டோரத்தி, ஹன்னா, பெயர் தெரியாத அந்த நாற்பது தொப்பி, எல்லாருக்கும் தனித்தனி மெழுகுதிரி. சிந்தாத்திரை மாதா கோயில் திருவிழாவுக்குக்கூட நான் இத்தனை மெழுகுதிரி வாங்கியதில்லை. சாலுக்குச் சொல், விக்டோரியா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள் என்று. எண்பத்தொரு வயசில் தண்ணீர் குடிக்காமல் மூன்று மைல்! என் பிள்ளைக்காக! இதை நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

நீ கேட்ட மன்னிப்பு கொடுத்தாயிற்று. எப்போது கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ குனிந்து நிமிர்ந்தேன் என்று எழுதிய இடமாக இருக்கும்.

ஆனால் உன்னிடம் இத்தனை கடிதத்திலும் சொல்லாமல் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். எங்கள் வார்டில் இருபது வருஷம் துப்புரவு வேலை பார்த்தவள் இசக்கியம்மா. அவள் மகனையும் போலீஸ் பிடித்திருக்கிறது. எங்கேயோ பைக் திருட்டு. இவனுடைய தெருப் பெயரைக் கேட்டதுமே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஜூன் மாசம், உன் பதினாறு பேர் என் பிள்ளைக்காக உட்கார்ந்த அதே வாரம், அவள் என்னிடம் வந்தாள். "சிஸ்டர், ஒரு நா கோர்ட்டுக்குக் கூட வாங்க. நீங்க பேச வேண்டாம், சும்மா நின்னாப் போதும். எங்க ஆளுகள மட்டும் பாத்தா அவுங்க மதிக்க மாட்டாங்க" என்றாள். எனக்கு டூட்டி இருக்கு இசக்கி என்று சொல்லிவிட்டேன். டூட்டி இல்லை. அவளோடு போய் நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றுதான். உன்னைத் திட்டிக் கடிதம் எழுதியது அதற்கு மூன்றாம் நாள்.

ஆளிடமே நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். போனேன். பேட்டையைத் தாண்டி அவள் வீடு. இருபது வருஷத்தில் முதல் தடவை. வாசலில் நின்றே உள்ளதைச் சொன்னேன். அவள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, அடுத்த வாய்தா 28ஆம் தேதி என்று மட்டும் சொன்னாள்.

நேற்று போனோம். நான், ஜாய்சி, எங்கள் ஜெபமாலைக் கூட்டத்தில் மூன்று பேர். ஆறாவது ஆள் யார் தெரியுமா? உன் தம்பி கணேஷ்ராம்! பேங்கில் அரை நாள் லீவு போட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து நின்றார். எங்கள் கூட்டத்துக்கு வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியவில்லை. ஜாய்சி பத்து நிமிஷத்துக்கு ஒரு மட்டம், "பாவம், பிள்ள எப்படி எளச்சிட்டான் பாருங்க" என்கிறாள். டவாலி வந்து, "எந்தக் கேஸும்மா நீங்க?" என்றான். "கேஸ் இல்லய்யா, சும்மா உக்கார வந்திருக்கோம்" என்றேன். "சும்மா உக்காரதுக்கு ஆத்தங்கரைக்குப் போக வேண்டியதுதான!" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். நாங்கள் எழவில்லை.

இசக்கியம்மா மகனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு வந்தது. அவன் எங்களைப் பார்த்துவிட்டு, வேறு யாருக்கோ வந்தவர்கள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். எங்கள் பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். பெனோ தோள் இறங்கியது என்று நீ எழுதியதை நான் நேற்று கண்ணால் பார்த்தேன்.

ஜாமீன் கிடைக்கவில்லை. நவம்பர் 11க்குத் தள்ளிவிட்டார்கள். வெளியே வரும்போது இசக்கியம்மா என் கையைப் பிடித்தாள். நன்றி சொல்லப் போகிறாள், அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இத்தன நாளா எங்கன இருந்திய, சிஸ்டர்?"

விக்டோரியா